மணியக்காவின் ஆறு நிமிஷம்

மணியக்காவுக்குப் பணி ஓய்வாம். விழா மலர் போடுகிறார்களாம். அதில் அவளைப் பற்றி நான் நாலு பக்கம் எழுத வேண்டுமாம். கடிதம் போட்டிருப்பது யார் தெரியுமா? நெட்டை. என் வகுப்பில் கடைசி பெஞ்சில், கால் நீட்ட இடமில்லாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு கணக்குப் போட்ட அதே நெட்டை. இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "டீச்சர், மணியக்காவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள்தான். நீங்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும்" என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தைத் திருத்தியதும் நான்தான்.

நானும் ஓய்வு பெற்றவள்தான். இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசி அனுப்பிவைத்தார்கள். மலரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பக்கத்தில் இருந்து பார்த்தேனா? இருபத்திரண்டு வருஷம் பார்த்தேன். பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். புகழ்ந்து எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் பள்ளி ஒரு நூல் மில்லின் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டியது. வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். மணியக்கா அங்கே மணி அடிப்பவள். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, டீ வாங்கி வருவது, சனிக்கிழமை ஆபீஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எல்லாம் அவள் தலையில்தான் என்றாலும், பேர் வாங்கித் தந்தது மணிதான். மணி என்றால் வெண்கல மணி இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிளையில் முழ நீளத் தண்டவாளத் துண்டு தொங்கும். அதை ஒரு இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். ஆள் குள்ளம், எம்பி எம்பித்தான் அடிப்பாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனால் பள்ளிக்கூடமே அவளை அக்கா என்றது, என்னை டீச்சர் என்றது. அக்காவில் இருக்கிற ஒட்டுதல் டீச்சரில் வருமா? இது முதல் எரிச்சல்.

காலையில் கேட்டில் நிற்பாள். உள்ளே வருகிற பிள்ளைகளில் சிலதை மட்டும் மறித்து, "எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லிட்டு உள்ள போ" என்பாள். எது எது படிப்பில் பின்தங்கி, இன்றைக்கா நாளைக்கா என்று பள்ளியை விட்டு நிற்கப் பார்க்கிறதோ அதுகளைத்தான் மறிப்பாள். மூன்றாவது வரை படித்தவளுக்குத் தெரியாதது ஆயிரம் இருக்குமே, சுலபம்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டாள். "அது போன வாரமே அந்தச் சுருட்டைமுடி சொல்லிட்டான். வேற சொல்லு" என்பாள். அதனால் அதுகள் முந்தின நாள் சாயங்காலமே புத்தகத்தைப் புரட்டி ஏதாவது ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொன்னதும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "அட, அப்படியா! இத்தனை வயசுக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!" என்பாள். அதில் துளி நடிப்பு கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்கு டீ கொண்டுவந்தவள் என் காதருகே குனிந்தாள்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியுமா? முக்கோணத்தை நீட்டமா வரைங்க, குட்டையா வரைங்க, கோணலாக்கூட வரைங்க. உள்ள இருக்கிற மூணு மூலையையும் கூட்டினா நூத்தியெண்பதுதானாம்!"

"யார் சொன்னா?"

"ஒன்பதாவதுல அந்த வாயாடிப் பொண்ணு."

முந்தின நாள் நான் நடத்திய பாடம். நாற்பது நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த வாயாடி ஜன்னலுக்கு வெளியே காக்காய் எண்ணிக்கொண்டிருந்தது. என் பாடம் எனக்கே செய்தியாகத் திரும்பி வருகிறது, அதுவும் டீத் தட்டோடு! அறிவியல் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு அந்த டீயை நான் குடிக்கவில்லை.

அடுத்தது வீட்டு மணி. சாயங்காலம் பள்ளி விடுகிற மணிக்குப் பிள்ளைகள் வைத்த பேர் அது. அதை மணியக்கா அடிக்க மாட்டாள். அந்த வாரப் பரீட்சையில் யார் போன தடவையைவிடக் கூட வாங்கினார்களோ அவர்கள் கையில் கம்பியைக் கொடுத்துவிடுவாள். முதல் ரேங்க்குக்கு இல்லை. பதினொன்று வாங்கினவன் பத்தொன்பது வாங்கினால் போதும், அன்றைக்கு அவன் அடிக்கிற மணிக்குத்தான் ஊரே வீட்டுக்குப் போகும். நானும் பரிசு கொடுக்கிறவள்தான். முதல் மூன்று ரேங்க்குக்குப் பேனா, என் சொந்தக் காசில்.

"ஏம்மா, பத்தொன்பதுக்கெல்லாமா ஒரு மரியாதை? அது ஃபெயிலு" என்றேன். அப்போதெல்லாம் அவளை நீ, வா, போ என்றுதான் பேசுவேன்.

"பாஸானவங்களுக்கு நீங்க பேனா குடுக்கறீங்க டீச்சர். ஃபெயிலானவனுக்கு யார் இருக்கா?"

"பத்தொன்பதே போதும்னு உக்காந்துடுவான்."

"உக்காந்தா மறுபடி மணி அடிக்க முடியாதே."

அதோடு போயிற்றா? என்னிடம் மூன்று பேனா வாங்கிய முதல் ரேங்க்காரன் ஒருத்தன், அடுத்த பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டு வைத்திருந்தான். ஏண்டா என்று காதைத் திருகினேன். "அடுத்த தடவை கூட வாங்கினா மணி அடிக்கலாம்ல டீச்சர்" என்றான். என் பேனா மூன்றும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தன. இதற்கு நான் சிரிப்பதா, அழுவதா?

இதெல்லாம் வெறும் புகைச்சல். பற்றிக்கொண்டது நெட்டையால்.

நெட்டை நான் கண்டெடுத்த பிள்ளை. யார் என்ன சொன்னாலும் இதை மாற்ற முடியாது. ஒன்பதாவதில் நான் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பத்து வரியில் போட்டு முடித்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து, "அதை நாலு வரியில போடலாம் டீச்சர்" என்று ஒரு குரல். போட்டும் காட்டினாள். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுக்கென்று தனியாக உட்கார்ந்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். என் பெண்ணுடைய பழைய புத்தகங்களைக் கொடுத்தேன். அப்பா ஊரைவிட்டே போய்விட்டான். அம்மாவுக்கு மில்லில் ராத்திரி ஷிஃப்ட். இரண்டு வயதில் ஒரு தம்பி. பத்தாவது ஆரம்பத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தபோது நெட்டை ஆறு வாரம் பள்ளிக்கே வரவில்லை. மணியக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லு" என்று தொந்தரவு செய்து, கடைசியில் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். சரி, கூட்டி வந்தாள். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

அந்த வருஷம் மேல்படிப்புக்கு ஒரு உதவித்தொகை வந்தது. விண்ணப்பத்தை நெட்டைக்கு வாங்கித் தந்ததே நான். நிரப்பிக்கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: உன்னைப் படிக்க ஊக்குவித்தவர் யார்? ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அதில் எழுதியிருந்தாள்: எங்கள் பள்ளி மணியக்கா.

அதற்குக் கீழே வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான்.

போட்டேன். பேனா தாள் கிழியும்படி அழுந்தியது. நெட்டை எதிரே நின்று, "தேங்க்ஸ் டீச்சர்" என்று சிரித்தாள். அடிப்பாவி, ஒரு வருஷம் உனக்காக நான் வீட்டுக்கு லேட்டாகப் போய்ப் பேச்சு வாங்கினேனே, அந்த ஒரு வரியில் எனக்கு இடமில்லையா? வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு புது வாட்ச் வாங்கித் தந்தார். ரேடியோவில் எட்டு மணி செய்திக்கு முன்னால் வருகிற பீப் ஒலிக்கு முள்ளைச் சரியாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். எட்டே முக்காலுக்கு அடிக்க வேண்டிய பள்ளி மணி எட்டு ஐம்பத்தொன்றுக்கு அடித்தது. மறுநாளும் ஐம்பத்தொன்று. மூன்றாம் நாளும் அதே. சாயங்கால மணியும் ஆறு நிமிஷம் பின்னால். அப்போது யார் கையிலும் செல்போன் கிடையாது. எங்கள் வாட்சை எல்லாம் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வைப்போம். மில் சங்கு மட்டும் ஆறு நிமிஷம் முந்தி ஊதுவதைக் கேட்டு, "மில்காரனுக்கு எப்பவும் அவசரம்" என்று கேலி வேறு பேசிக்கொண்டிருந்தோம். மில் சரியாகத்தான் ஊதியிருக்கிறது. எங்கள் பள்ளிதான் பின்னால் ஓடியிருக்கிறது. கடிகாரச் சாவி யாரிடம்? மணியக்காவிடம்.

மாட்டிக்கொண்டாள்! அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அல்வா... சேச்சே, எதுவும் அவ்வளவு இனிக்காது.

"ஆறு நிமிஷம்தானே, விட்டுத் தள்ளு" என்றார் வீட்டுக்காரர். "அந்த ஆறு நிமிஷத்துல நீ என்ன மலையைப் புரட்டியிருக்கப் போற?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ஒழுங்கு மேல இருக்கிற அக்கறையா, அந்தம்மா மேல இருக்கிற காட்டமா?"

தட்டை ணங்கென்று அவர் முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹெட்மாஸ்டர் பயந்த சுபாவம். மேலதிகாரி என்ற வார்த்தையைக் கேட்டாலே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன் வேறு. நான் வாட்சைக் காட்டியதும் மணியக்காவைக் கூப்பிட்டு விட்டார்.

"கடிகாரத்தை நீயா பின்னாடி வெச்ச?"

"ஆமா சார்."

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா சார். சனிக்கிழமை சாவி குடுக்கும்போது ஆறு நிமிஷத்துல நிக்குதான்னு பாத்துக்குவேன்."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ஏம்மா இப்படிப் பண்ணின?"

"மில்லு விட்டு ஆளுங்க வீடு போய்ச் சேரணும்ல சார்" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மில் விடுவதற்கும் பள்ளி மணிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றி, உடைந்த பெஞ்சையும் பழைய மேப்பையும் துடைக்கச் சொன்னார்.

"மணியை யார் சார் அடிக்கிறது?" என்றேன்.

"நீங்கதானே டீச்சர் கண்டுபிடிச்சீங்க? நீங்களே அடிங்க. உங்ககிட்டதான் சரியான வாட்ச் இருக்கு."

எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. இனிமேல் பிள்ளைகள் யாரைச் சுற்றி வருகிறார்கள் பார்ப்போம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

மறுநாள் சரியாக எட்டே முக்காலுக்கு அடித்தேன். மணி அடித்ததும் வாட்ச்மேன் கேட்டை மூட வேண்டும். பிந்தி வந்தால் முதல் பீரியட் முடிகிற வரை வெளியே நிற்க வேண்டும், காலை வருகை போச்சு. இது எழுதி வைத்த விதி. கேட்டை மூடின ஐந்தாவது நிமிஷம் ஒரு பிள்ளை ஓடிவந்தது. பின்னால் நாலு. பின்னால் ஒரு கும்பல். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு பேர். எல்லாருக்கும் மேலே ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தது. நெட்டை.

"ஆறு நிமிஷம் முன்னாடி கிளம்ப முடியாதா உனக்கு?" என்று கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"அம்மா வந்து தம்பியை வாங்கிக்கிட்டாத்தான் டீச்சர் நான் கிளம்ப முடியும். மில்லு விடறது எட்டரை. அம்மா நடந்து வீட்டுக்கு வரவே எட்டே முக்கால். அங்கிருந்து ஒரே ஓட்டமாத்தான் வர்றேன்."

பக்கத்தில் நின்றதுகளும் தலையை ஆட்டின. ராத்திரி ஷிஃப்ட் வீட்டுப் பிள்ளைகள் அத்தனையும். ஒரு வீட்டில் தம்பி, ஒரு வீட்டில் தங்கை, ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. எட்டு ஐம்பதுக்கு முன்னால் அதுகளால் கேட்டைத் தொட முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. மணியக்கா அதைக் கணக்குப் போட்டுத்தான் ஆறு நிமிஷம் வைத்திருக்கிறாள். கணக்கு டீச்சர் நான். மூன்றாவது படித்தவள் போட்ட கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புரிந்ததும் திருந்தினேனா? அதுதான் இல்லை. வறட்டு ரோஷம். "ஏதாவது வழி பண்ணிக்கட்டும்" என்று எட்டு நாள் எட்டே முக்காலுக்கே அடித்தேன். எட்டு நாளும் அந்தக் கும்பல் வெளியே நின்றது. சிலது மூன்றாம் நாளே வருவதை நிறுத்தின. வீட்டு மணியையாவது அவளைப்போலவே கொடுத்துப் பார்ப்போம் என்று, பத்தொன்பதிலிருந்து இருபத்தாறுக்கு ஏறிய பையனிடம் கம்பியை நீட்டினேன். "வேணாம் டீச்சர்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வேண்டாமாம்! கெஞ்சிக் கூத்தாடிக் கொடுக்க வேண்டியதாயிற்றா எனக்கு? நானே அடித்தேன். கை வலித்தது.

எட்டாம் நாள் மத்தியானம் ஆபீஸ் கிளார்க் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"உங்க வகுப்பு நெட்டைக்கு வருகை பத்தாது போலிருக்கே டீச்சர். ஏற்கெனவே ஆறு வாரம் போச்சு. இப்ப எட்டு காலை. இன்னும் ஒரு காலை போனா தாங்கும். ரெண்டாவதும் போச்சுன்னா ஹால் டிக்கெட் வராது."

ஹால் டிக்கெட் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் உதவித்தொகை இல்லை. நெட்டை அம்மாவோடு மில்லுக்குப் போவாள். "ஏதாவது திருத்த முடியாதா?" என்றேன்.

"எப்படி டீச்சர்? எட்டும் நீங்களே மையில போட்டது."

ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். பள்ளி நேரத்தை மாற்றலாமே என்றேன். மேலிடத்துக்கு எழுதிப் பதில் வர அடுத்த வருஷம் ஆகும் என்றார். கேட்டை மட்டும் ஆறு நிமிஷம் கழித்து மூடலாமே என்றேன். "இன்ஸ்பெக்ஷன் வருது டீச்சர். மணி அடிச்சா கேட்டை மூடணும், அது ரூல். ஒழுங்கு ஒழுங்குன்னு நீங்கதானே வந்து நின்னீங்க?" என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது பழக்கம்.

வேறு வழியில்லாமல் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மணியக்கா தரையில் உட்கார்ந்து, கிழிந்த உலக மேப்புக்குப் பின்னால் துணி ஒட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. நெட்டை விஷயத்தைச் சொன்னதும் பசைக் கையோடு அப்படியே நிமிர்ந்தாள்.

"ஒரே ஒரு காலைதானா மிச்சம்?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஏன் டீச்சர் எம்மேல உங்களுக்கு இவ்வளவு காட்டம்? அந்த ஃபாரத்துல எம் பேரை எழுதினாளே, அதுக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதுக்குத்தான்" என்றேன். சொன்னதும் அழுகை முட்டியது. உடைந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மேப்பின் கிழிந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். அப்புறம், "அவ உங்க பேரைத்தான் எழுதறதா இருந்தா" என்றாள்.

"என்ன?"

"எங்கிட்ட வந்து கேட்டா டீச்சர், கணக்கு டீச்சர்னு எழுதட்டுமான்னு. நான்தான் எம் பேரை எழுதுடீன்னேன். எழுதினா வீட்டு மணி ஒரு வாரத்துக்கு உனக்குத்தான்னு ஆசை காட்டினேன்." தலையைத் தூக்கவில்லை. "எல்லாப் பிள்ளைங்க ரேங்க் கார்டுலயும் உங்க கையெழுத்து இருக்கு. சர்டிபிகேட்ல இருக்கு. குரூப் போட்டோவுல நாற்காலியில உக்காந்திருக்கீங்க. நான் இத்தனை வருஷமா எந்தக் காகிதத்துல இருக்கேன், சொல்லுங்க? ஒண்ணுலயாவது வரட்டுமேன்னுதான். பொறாமைதான் டீச்சர், வேறென்ன."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பசைக் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். கள்ளி! என் ஒரு வரியைத் திருடியவள்! ஆனால் என்ன ஆச்சரியம், இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் எங்கேயோ போய்விட்டது. என்னைப் பார்த்துக்கூட ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள்! இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். முதலில் அவள்தான் சிரித்தாள்.

"சரி, நாளைக்கு என்ன பண்றது? கடிகாரத்துல கை வைக்க முடியாது. ஹெட்மாஸ்டர் சாவியை எடுத்துக்கிட்டார். தினம் அவரே பாக்கறார்" என்றேன்.

"கடிகாரம் கெடக்கட்டும் டீச்சர். மணி அடிச்சாத்தானே கேட்டை மூடணும்?" என்றாள் மணியக்கா.

மறுநாள் காலை. எட்டு நாற்பத்துமூன்று. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறார். நான் மரத்தடியில் நிற்கிறேன். எட்டே முக்கால். சாலை காலியாக இருக்கிறது.

"டீச்சர், மணி!"

"கம்பியைக் காணோம் சார்!"

வாழ்நாளில் நான் சொன்ன முதல் பொய் இல்லை. ஆனால் உரக்கச் சொன்ன முதல் பொய். குனிந்து தேடினேன். மரத்தைச் சுற்றித் தேடினேன். வாட்ச்மேனின் ஸ்டூலைக் கவிழ்த்துத் தேடினேன். ஐம்பது வயசை நெருங்குகிற கணக்கு டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு, சாக்கடை மூடிக்குக் கீழே எட்டிப் பார்ப்பதைப் பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. "இங்கதான் சார் வெச்சேன்!" எட்டு நாற்பத்தேழு. "நல்லாப் பாருங்க டீச்சர்!" எட்டு நாற்பத்தெட்டு. வாட்ச்மேன் கேட்டில் கை வைத்துக்கொண்டு, மூடுவதா வேண்டாமா என்று விழித்தான். "மணி அடிக்கலையேப்பா, நீ எப்படி மூடுவ?" என்று ஒரு அதட்டல் போட்டேன். ஸ்டோர் ரூம் ஜன்னலில் மணியக்காவின் தலை தெரிந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு ஐம்பது. சாலை முனையில் முதல் பிள்ளை தெரிந்தது. அப்புறம் கும்பலாக. கேட் திறந்திருப்பதைப் பார்த்ததும் நம்ப முடியாமல் ஒரு கணம் நின்று, பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நெட்டை நீளக் காலால் எட்டி எட்டி வைத்து எல்லாருக்கும் முன்னால் உள்ளே வந்தாள். மூச்சு வாங்க நின்று, அடிக்காத மணியை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்காக ஒரு நாளும் மலர்ந்ததில்லை.

"டீச்சர்! மணியக்கா திரும்பி வந்துட்டாங்களா?"

கம்பி என் கைப்பைக்குள், டிபன் பாக்ஸுக்கும் விடைத்தாள் கட்டுக்கும் நடுவில் இருந்தது. நான்தாண்டி, நான், உன் கணக்கு டீச்சர் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டா. ஓடு உள்ள, அட்டென்டன்ஸ் எடுக்கணும்" என்றேன்.

கடைசிப் பிள்ளையும் உள்ளே போன பிறகு கம்பி கிடைத்தது. அடித்தேன்.

"எங்க இருந்துச்சு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பையில சார்."

"நாளைக்கும் காணாம போகுமா?"

"போகும்னுதான் தோணுது சார்."

கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் போகாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் எட்டே முக்காலுக்கு அடித்தேன். நெட்டைக்கு மிச்சமிருந்த அந்த ஒரு காலை அதில் போயிற்று. அடுத்த வாரமே மணியக்கா மரத்தடிக்குத் திரும்பினாள், கடிகாரமும் ஆறு நிமிஷம் பின்னால் திரும்பியது. நெட்டை பரீட்சை எழுதினாள். கணக்கில் தொண்ணூற்றேழு. ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் முதலில் ஓடியது என்னிடம் இல்லை, மரத்தடிக்கு. கம்பியை வாங்கி, எம்ப வேண்டிய தேவையே இல்லாமல் நின்ற இடத்திலிருந்து வீட்டு மணியை அடித்தாள். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மலருக்காக நெட்டை எழுதியிருக்கிற கடிதத்தின் கடைசிப் பத்தி இது: "அன்று மணியக்கா திரும்பி வந்து ஆறு நிமிஷம் மணியை நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால் நான் பரீட்சையே எழுதியிருக்க மாட்டேன். அதையும் எழுதுங்கள் டீச்சர்."

இத்தனை வருஷம் மணியக்கா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். அவளுக்குத் தெரியாதா? ஜன்னலில் நின்று சிரித்தவள்தானே! அந்தக் கள்ளியை எனக்குத் தெரியும். ஒரு காகிதத்திலாவது தன் பேர் வரட்டும் என்று காத்துக்கொண்டிருப்பாள். வரட்டும். அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள், அவள் அதற்குத் தகுதியானவள்தான். யோசனையும் அவளுடையதுதான்.

ஆனால் நெட்டை, எழுதச் சொன்னாய் அல்லவா, எழுதிவிட்டேன். ஒரு வரியையும் வெட்டாமல் போடு. அன்றைக்குக் கம்பி என் பையில்தான் இருந்தது.